அறிவியல் கேள்வி – பதில்: எதிர்ப்பொருள் எங்கே போயிற்று?

புரோட்டான், நியூட்ரான் முதலியவை அடங்கிய பேரியான் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு துகளின் சிதைவில், பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே வேறுபாடு இருப்பது உறுதியாகக் காணப்பட்டதாக, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி ஆய்வுக்குழு 2025 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் அம்முடிவு 'நேச்சர்' ஆய்விதழில் வெளியாயிற்று. அது குறித்து வந்த கடிதங்கள் பலவும் ஏறத்தாழ ஒரே ஐயத்தைச் சுற்றியே அமைந்திருந்ததால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கரூர் வாசகர் ஒருவர்: பிரபஞ்சம் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்ற தொனியில் செய்திகளைப் படித்தேன். அந்த விடைதான் என்ன?

பொருளும், அதைச் சந்தித்தால் இரண்டுமே அழிந்துபோகும் எதிர்ப்பொருளும் தொடக்கத்தில் சம அளவில் இருந்திருந்தால் ஏறத்தாழ எதுவுமே எஞ்சியிராது; பொருள் மட்டும் எப்படி எஞ்சியது என்பதே அக்கேள்வி. அதற்கு விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்திருப்பது மிகுந்த கவனத்துடன் செய்யப்பட்ட ஓர் அளவீடு. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. இயற்பியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிவந்த ஒன்று அது.

புரோட்டான், குவார்க் என்னும் இன்னும் சிறிய துகள்களால் ஆனது; அதற்குள் இரண்டு 'அப்' குவார்க்குகளும் ஒரு 'டவுன்' குவார்க்கும் உள்ளன. அவற்றுள் ஓர் 'அப்' குவார்க்கின் இடத்தில் கனமான 'பாட்டம்' குவார்க் ஒன்று அமர்ந்தால், லாம்டா-பி என்னும் துகள் கிடைக்கிறது. புரோட்டானைப் போல ஆறு மடங்கு நிறையுள்ள இத்துகள், ஒரு வினாடியை லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்றரைக் கூறு நேரமே சராசரியாக வாழ்ந்து, பிற துகள்களாகச் சிதைந்துவிடுகிறது. அது சிதையக்கூடிய வழிகள் பல. அவற்றுள் ஒன்றில் ஒரு புரோட்டான், ஓர் எதிர்மின் கேயான், ஒரு நேர்மின் பையான், ஓர் எதிர்மின் பையான் ஆகிய நான்கும் வெளிப்படும் (கேயானும் பையானும் மேசான் என்னும் வகையைச் சேர்ந்த துகள்கள்). லாம்டா-பியின் எதிர்த்துகளும் இதே போலச் சிதையும். ஆனால் அங்கே ஒவ்வொரு துகளுக்கும் பதிலாக அதன் எதிர்த்துகள் வெளிவரும். இயற்கை பொருளையும் எதிர்ப்பொருளையும் ஒரே கண்ணால் பார்க்குமானால், இந்த இரு சிதைவுகளும் ஒரே விகிதத்தில் நிகழ வேண்டும்.

எல்எச்சிபி குழுவினர் 2011 முதல் 2018 வரை திரட்டிய தரவுகளில் இத்தகைய சிதைவுகள் 80,000-க்கும் மேல் இருந்தன. அவற்றை எண்ணிப் பார்த்தபோது விகிதங்கள் சமமாக இல்லை. வேறுபாடு 2.45 விழுக்காடு, அதன் மொத்தப் பிழை எல்லை அரை விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. எளிமையாகச் சொன்னால், துகளும் எதிர்த்துகளும் சம எண்ணிக்கையில் உருவாகியிருந்தால், இவ்வழியில் நிகழும் 1,000 சிதைவுகளில் ஏறத்தாழ 512 துகளுடையவையாகவும் 488 எதிர்த்துகளுடையவையாகவும் இருக்கும். மேசான்கள் என்னும் இரு குவார்க் துகள்களில் இத்தகைய வேறுபாடு 1964 முதலே அறியப்பட்டது. நம் உடலும் இந்தப் பூமியும் எவற்றால் ஆனவையோ அந்தப் புரோட்டான், நியூட்ரான்களின் குடும்பமான பேரியான்களில் அது ஐயத்துக்கு இடமின்றிக் காணப்படுவது இதுவே முதல் முறை.

மதுரை, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: எதிர்ப்பொருள் என்பது உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது கணக்கில் மட்டும் வருவதா?

கணக்கில்தான் முதலில் வந்தது. எலக்ட்ரானுக்காக 1928-இல் பால் டிராக் எழுதிய சமன்பாட்டுக்கு எதிர்பாராத வகையில் இரட்டைத் தீர்வுகள் கிடைத்தன. எலக்ட்ரானின் அதே நிறையும் அதற்கு நேர்மாறான மின்னூட்டமும் கொண்ட ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1931-இல் அவர் துணிந்து கூறினார். மறு ஆண்டே, கலிஃபோர்னியாவில் காஸ்மிக் கதிர்களின் தடங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கார்ல் ஆண்டர்சன், காந்தப் புலத்தில் தவறான பக்கமாக வளைந்த ஒரு தடத்தைக் கண்டார். அதுதான் பாசிட்ரான். எதிர்ப்புரோட்டான் 1955-இல் பெர்க்லியில் உருவாக்கப்பட்டது.

இன்று பெருநகர மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளுக்கு எடுக்கப்படும் பெட் ஸ்கேன் முழுக்க முழுக்க எதிர்ப்பொருளை நம்பியே நடக்கிறது. ஊசி வழியே செலுத்தப்படும் ஃபுளூரின்-18 பாசிட்ரான்களை உமிழ்கிறது. ஒவ்வொரு பாசிட்ரானும் அருகிலுள்ள ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்களாகப் பாய்கின்றன. அந்த இணைகளைப் பிடித்தே கருவி படத்தை அமைக்கிறது.

யாழ்ப்பாணம், வாசகர் ஒருவர்: நாம் வாழும் பகுதியில் பொருள் மிகுந்திருப்பது தற்செயலாக இருக்கலாம் அல்லவா? தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் எதிர்ப்பொருளால் ஆனவையாக இருந்தால், ஒளியைப் பார்த்து நம்மால் வேறுபடுத்த முடியுமா?

மிக நல்ல கேள்வி. ஒளியை மட்டும் பார்த்து வேறுபடுத்த முடியாது என்ற உங்கள் ஊகம் சரியானது. எதிர்-ஹைட்ரஜன் அணு உமிழும் நிறமாலையும் ஹைட்ரஜனுடையதும் ஒன்றே என்பதைச் செர்ன் ஆய்வகத்தில் மிக நுட்பமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். எனவே ஓர் எதிர்-விண்மீன் நம் கண்ணுக்கு விண்மீனாகவே தெரியும்.

ஆனால் விண்வெளி முற்றிலும் வெறுமையானதன்று. விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலும், மண்டலக் கொத்துகளுக்கு உள்ளேயும் வாயு பரவியிருக்கிறது. பொருளின் ஆட்சிப் பகுதியும் எதிர்ப்பொருளின் ஆட்சிப் பகுதியும் எங்காவது தொட்டுக்கொண்டால், அந்த எல்லையில் இடைவிடாத அழிவு நடந்து, அதற்கே உரிய ஆற்றலுடன் காமாக் கதிர்கள் புறப்பட வேண்டும். அத்தகைய எல்லைக்கோடு எதுவும் வானில் தென்படவில்லை. நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் அளவுக்கு ஒப்பாக எல்லைகள் விலகியிருந்தாலன்றி இது பொருந்தாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2011 முதல் இயங்கும் ஏஎம்எஸ் கருவி, எதிர்-ஹீலியம் போன்ற கனமான எதிர்-அணுக்கருக்கள் ஏதேனும் வந்து சேர்கின்றனவா என்று இன்றும் கவனித்துவருகிறது.

இதற்குத் துணையாக இன்னோர் எண்ணும் உண்டு. பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சை அளந்தால், பிரபஞ்சத்தில் ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு ஏறத்தாழ 160 கோடி ஒளித்துகள்கள் இருப்பது தெரிகிறது. அந்த ஒளித்துகள்கள் தொடக்கத்தில் நடந்த பேரழிவின் சாட்சிகள். எதிர்த்துகள்கள் நூறு கோடி இருந்த இடத்தில் துகள்கள் நூறு கோடியும் ஏறத்தாழ ஒன்றுமாக இருந்திருக்கின்றன. நூறு கோடியும் நூறு கோடியும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒளியாகிவிட, எஞ்சிய அந்த ஒன்றிலிருந்துதான் விண்மீன்களும் கடல்களும் நாமும் வந்தோம். பேசப்படும் சமச்சீரின்மை அவ்வளவு சிறியது; அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

கோயம்புத்தூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: இயற்கையின் விதிகள் சமச்சீரானவை என்றே நான் நெடுங்காலம் மாணவர்களுக்குக் கற்பித்தேன். அந்த நம்பிக்கை எப்போது, எவ்வாறு உடைந்தது?

ஐயா, அது இரண்டு கட்டங்களாக உடைந்தது. இரண்டாவது உடைவுதான் ஆழமானது என்பதால் முதலாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயற்பியல் விதிகளைக் கண்ணாடியில் பார்த்தாலும் அவை மாறா என்ற கருத்தை, கதிரியக்கத்துக்குக் காரணமான வலுக்குறைந்த விசையைப் பொறுத்தவரை யாரும் சோதித்ததே இல்லை என்று 1956-இல் லீ, யாங் இருவரும் சுட்டிக்காட்டினர். தனிச்சுழி வெப்பநிலையை நெருங்குமளவு குளிர்விக்கப்பட்ட கோபால்ட்-60 அணுக்கருக்களைக் காந்தப் புலத்தில் ஒரே திசையில் நிறுத்தி, சியன்-ஷியுங் வு அம்மையார் நடத்திய சோதனை, எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே மிகுதியாக வெளியேறுவதைக் காட்டியது. கண்ணாடிச் சமச்சீர் வீழ்ந்தது. இந்த விசைக்குச் சரியான கணித வடிவத்தை 1957-இல் மார்ஷாக்குடன் சேர்ந்து முன்வைத்தவர் ஈ. சி. ஜி. சுதர்சன், கோட்டயம் அருகே பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். அவர் பெயர் நம் பாடநூல்களில் போதிய அளவு இடம்பெறவில்லை என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடி பொய்த்தாலும் ஓர் ஆறுதல் எஞ்சியிருந்தது. இடத்தையும் வலத்தையும் மாற்றுவதோடு, துகளையும் எதிர்த்துகளாக மாற்றிவிட்டால் விதிகள் மீண்டும் பழையபடியே அமைகின்றன என்று லாண்டவ் முதலியோர் கருதினர். இந்த இரட்டை மாற்றத்தின் சமச்சீரைத்தான் சி.பி. சமச்சீர் என்கிறோம். சி என்பது மின்னூட்ட மாற்றம். பி என்பது இடவல மாற்றம்.

ஏழே ஆண்டுகளில் அதுவும் போயிற்று. நியூயார்க் அருகேயுள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1964-இல் கிரிஸ்டென்சன், குரோனின், ஃபிட்ச், டர்லே ஆகிய நால்வரும் நடுநிலைக் கேயான்களை ஆராய்ந்தனர். இந்தக் கேயான்கள் இரு வகையாக வாழ்கின்றன. ஒரு வகை விரைவில் இரண்டு பையான்களாகச் சிதைந்துவிடும். மற்றது அதைப் போல ஏறத்தாழ 570 மடங்கு நீண்ட காலம் வாழும், சி.பி. சமச்சீர் சரியானால், இந்த நெடுவாழ்வுக் கேயான் ஒருபோதும் இரண்டு பையான்களாகச் சிதையக் கூடாது. எனவே அவர்கள் கேயான் கற்றையை, குறுவாழ்வு வகை முழுவதும் வழியிலேயே அழிந்துபோகும் அளவு தொலைவு ஓடவிட்டு, அதன் பிறகு காத்திருந்தனர். ஏறத்தாழ 22,700 சிதைவுகளில் 45 சிதைவுகள் இரண்டு பையான்களைத் தந்தன. ஆயிரத்துக்கு இரண்டு. அந்த இரண்டைப் புறக்கணிக்க முடியாது என்று முடிவெடுத்ததற்காகவே குரோனினுக்கும் ஃபிட்சுக்கும் 1980-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன் தொடர்ச்சியாக அளக்கப்பட்ட ஒன்றை நான் எப்போதும் வியந்து பார்க்கிறேன். நெடுவாழ்வுக் கேயான் சில வேளைகளில் பாசிட்ரானையும், சில வேளைகளில் எலக்ட்ரானையும் தந்து சிதைகிறது. கேயான் மின்னூட்டமற்றது, இரு பக்கமும் சாயாதது. ஆயினும் பாசிட்ரான் வரும் சிதைவு எலக்ட்ரான் வரும் சிதைவைவிடக் கூடுதலாக நிகழ்கிறது; இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவற்றின் மொத்தத்தில் ஏறத்தாழ 0.33 விழுக்காடு. நாம் எதைப் பொருள் என்கிறோம், எதை எதிர்ப்பொருள் என்கிறோம் என்பது வெறும் பெயரிடும் வழக்கம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். ஒருபோதும் நேரில் சந்திக்க முடியாத தொலைவிலுள்ள ஒருவருக்குக்கூட, உங்கள் உலகிலுள்ள கேயான்கள் சிதையும்போது எந்த மின்துகள் மிகுதியாக வருகிறது, அது உங்கள் அணுக்களைச் சுற்றியுள்ள துகள்தானா என்று கேட்டு, அவர் பொருளால் ஆனவரா, எதிர்ப்பொருளால் ஆனவரா என்று அறிந்துகொள்ளலாம் என இந்த 0.33 விழுக்காடு நமக்குச் சொல்லிவிட்டது.

சென்னை, இயற்பியல் முதுகலை மாணவர்: துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் வாழ்நாள் சமம் என்று படித்தேன். அப்படியானால் சிதைவில் மட்டும் எப்படி வேறுபாடு தோன்றுகிறது?

வாழ்நாள் சமம் என்பது சரியே. சி.பி. மாற்றத்தோடு காலத்தின் திசையையும் திருப்பும் மும்மாற்றச் சமச்சீர் இன்றுவரை உடைந்ததாகத் தெரியவில்லை. அது நிறையையும் வாழ்நாளையும் சமமாக வைத்திருக்கிறது. ஆனால் மொத்த வாழ்நாள் சமமாக இருந்தாலே ஒவ்வொரு சிதைவு வழியும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வழியில் துகள் முந்தினால், வேறொரு வழியில் எதிர்த்துகள் முந்தி அதை ஈடுசெய்யும். சிதைவுகளை ஒவ்வொரு வழியாகப் பிரித்து ஆராய்வதன் காரணம் இதுதான்.

வேறுபாடு தோன்றுவதற்கு இரண்டு தேவைகள் உண்டு. தொடக்கத் துகளிலிருந்து முடிவு நிலைக்குச் செல்லக் குறைந்தது இரு பாதைகள் இருக்க வேண்டும். அவற்றின் குவாண்டம் அலைகள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும். ஒவ்வொரு பாதையின் அலைக்கும் ஒரு கட்டம் உண்டு; அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதே கட்டம். அந்தக் கட்டத்தில், குவார்க்குகளைப் பிணைக்கும் வலுமிகு விசையால் வரும் பகுதி, துகளை எதிர்த்துகளாக மாற்றும்போது மாறாது. வலுக்குறைந்த விசையால் வரும் பகுதி குறி மாறும். இரு பாதைகளுக்கு இடையே இவ்விரு வகைக் கட்டங்களும் வேறுபட்டிருந்தால், துகளில் அலைகள் சற்றே ஒத்துக் கூடும்போது எதிர்த்துகளில் சற்றே முரண்பட்டுக் குறையும். இரண்டில் ஒரு வகை மட்டும் வேறுபட்டால் எதுவும் தெரியாது. லாம்டா-பியின் சிதைவில் இந்த இரு பாதைகளும் கிடைக்கின்றன. ஒன்றில் பாட்டம் குவார்க் நேரடியாக 'அப்' குவார்க்காக மாறுகிறது. அது இயற்கையில் மிக அரிதாக நடப்பது. மற்றொன்றில், கனமான டாப் குவார்க் முதலியவை கணநேரம் தோன்றி மறையும் ஒரு சுழல் வழியே மாற்றம் நடக்கிறது, அதுவும் அரிதே. இரண்டும் ஏறத்தாழ ஒத்த வலிமை உடையவை என்பதால்தான் அவற்றின் கலப்பு கண்ணுக்குத் தெரியுமளவு அமைகிறது. வழியில் குறுவாழ்வு ஒத்திசைவுத் துகள்கள் உருவாகும்போது வலுமிகு கட்டம் பெரிதாகிறது. புரோட்டானும் இரு பையான்களும் அத்தகைய ஒத்திசைவாகச் சேர்ந்து வரும் பகுதியை மட்டும் தனியே பார்த்தபோது, வேறுபாடு ஏறத்தாழ 5.4 விழுக்காடாக உயர்ந்தது இதனால்தான்.

குறி மாறும் அந்தக் கட்டம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மகோத்தோ கோபயாஷியும் தோஷிஹிடே மஸ்காவாவும் 1973-இல் அளித்த விடை, இத்துறையின் அழகான பக்கங்களில் ஒன்று. குவார்க்குகள் இரண்டு குடும்பங்களாக மட்டும் இருந்தால், கட்டங்கள் அனைத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்; மூன்று குடும்பங்கள் இருந்தால் ஒரு கட்டம் நீக்க முடியாமல் எஞ்சிவிடும் என்று காட்டினர். அப்போது சோதனையில் நிலைநாட்டப்பட்டிருந்த குவார்க் வகைகள் மூன்றே. குடும்பத்துக்கு இரண்டு வீதம் அவர்களுக்குத் தேவைப்பட்டவையோ ஆறு. நான்காவது 1974-இலும், ஐந்தாவது 1977-இலும், ஆறாவது 1995-இலும் கண்டுபிடிக்கப்பட்டன. பாட்டம் குவார்க்கைக் கொண்ட பி மேசான்களில் வேறுபாடு மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இக்கோட்பாட்டின் விளைவே. அதைச் சோதிப்பதற்கென்றே கலிஃபோர்னியாவில் பாபார், ஜப்பானின் சுக்குபா நகரில் பெல் என்னும் இரு சோதனைகள் அமைக்கப்பட்டன. எலக்ட்ரான், பாசிட்ரான் கற்றைகளை வேண்டுமென்றே சமமற்ற ஆற்றலுடன் மோதவிட்டு, பிறக்கும் பி மேசான்கள் கால் மில்லிமீட்டர் அளவேனும் நகர்ந்த பின் சிதையுமாறு செய்து, அந்தக் கால் மில்லிமீட்டரைக் கடிகாரமாகப் பயன்படுத்தினர். 2001-இல் இரு குழுக்களும் எதிர்பார்த்த வேறுபாட்டைக் கண்டன. கோபயாஷிக்கும் மஸ்காவாவுக்கும் 2008-இல் நோபல் பரிசு வந்தது.

சேலம், கணக்காளர் ஒருவர்: இரண்டரை விழுக்காடு வேறுபாடு என்பது எண்ணிக்கையில் ஏற்பட்ட பிழையாக இருக்காதா? எங்கள் தொழிலில் முதலில் அதைத்தான் சந்தேகிப்போம்.

அவர்களும் முதலில் அதைத்தான் சந்தேகித்தார்கள். இந்த ஆய்வின் பெரும்பகுதி உழைப்பு அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கே செலவாயிற்று என்று சொல்வது மிகையாகாது. ஆகவே உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பிழைக்கு மூன்று வாயில்கள் உண்டு. முதலாவது, தொடக்கத்திலேயே எண்ணிக்கை சமமில்லை. செர்ன் ஆய்வகத்தின் மாபெரும் முடுக்கியில் மோதுபவை இரண்டு புரோட்டான்கள், இரண்டுமே பொருள். எனவே அந்த மோதலிலிருந்து லாம்டா-பி அதன் எதிர்த்துகளைவிடச் சற்றுக் கூடுதலாகப் பிறக்கலாம். இரண்டாவது, கருவியே பொருளால் ஆனது. எதிர்ப்பொருளால் ஒரு கருவியைச் செய்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. எதிர்ப்புரோட்டான் கருவியின் சுவர்களில் மோதி அழிந்துபோகும் வாய்ப்பு, புரோட்டான் உறிஞ்சப்படும் வாய்ப்பைவிட அதிகம். எதிர்மின் கேயானும் நேர்மின் கேயானைவிட எளிதில் உறிஞ்சப்படும். மூன்றாவது, கருவியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் அணுவளவும் பிசகாமல் ஒத்திருப்பதில்லை. காந்தம் நேர்மின் துகள்களை ஒரு பக்கமும் எதிர்மின் துகள்களை மறுபக்கமும் வளைப்பதால், ஒரு பக்கத்தில் உணர்கருவி சற்று மங்கலாக இருந்தாலும் அது பொருள், எதிர்ப்பொருள் வேறுபாடு போலவே தோற்றமளிக்கும்.

மூன்றாவதற்கான மருந்து எளியது. தராசின் மீது ஐயம் வந்தால், சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து மறுபடி நிறுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? எல்எச்சிபி குழுவினரும் காந்தத்தின் துருவங்களைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் தலைகீழாக மாற்றி, ஏறத்தாழ சம அளவுத் தரவை இரு நிலைகளிலும் சேகரிக்கிறார்கள். கருவியின் ஒருபக்கச் சாய்வு ஒரு நிலையில் கூட்டியதை மறுநிலையில் கழித்துவிடும்.

முதல் இரண்டு பிழைகளுக்கும் காந்தத்தைத் திருப்புவது பயன்படாது. அதற்கு அவர்கள் கையாண்ட முறை, இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. அதே லாம்டா-பி வேறொரு வழியிலும் சிதைகிறது: முதலில் சார்ம் குவார்க் கொண்ட லாம்டா-சி துகளும் ஓர் எதிர்மின் பையானும் தோன்றி, பின்னர் லாம்டா-சி ஒரு புரோட்டானாகவும் ஓர் எதிர்மின் கேயானாகவும் ஒரு நேர்மின் பையானாகவும் பிரிகிறது. இறுதியில் கருவியைக் கடந்து செல்லும் நான்கு துகள்களும் ஆய்வுக்குரிய சிதைவில் வருபவையே. ஆனால் இந்த வழியில் கலப்பதற்கு இரண்டாவது பாதை இல்லாததால், சி.பி. வேறுபாடு புறக்கணிக்கத்தக்கது என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே இவ்வழியில் ஏதேனும் ஏற்றத்தாழ்வு தெரிந்தால் அது பிறப்பு விகிதத்தாலும் கருவியாலும் வந்ததே. அதை அளந்து, ஆய்வுக்குரிய சிதைவில் கண்ட ஏற்றத்தாழ்விலிருந்து கழித்தால், எஞ்சுவது இயற்கையினுடையது.

இவ்வளவுக்கும் பிறகும் தற்செயல் என்ற ஒன்று மீதமிருக்கிறது. ஒரு நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினால் சரியாக ஐந்நூறு தலை விழுவதில்லை. இத்துறையில் ஒரு முடிவைக் கண்டுபிடிப்பு என்று அழைக்க, ஐந்து சிக்மா என்ற அளவுகோலைத் தாண்ட வேண்டும். வேறுபாடே இல்லாத நிலையில் தற்செயலாக அப்படி ஓர் எண் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று. லாம்டா-பி முடிவு 5.2 சிக்மா.

இவ்வளவு கடுமை தேவைதானா என்று கேட்பவர்களுக்கு 2011-ஐ நினைவூட்டுகிறேன். சார்ம் குவார்க் கொண்ட டி மேசான்களின் சிதைவில் 0.8 விழுக்காடு அளவுக்கு வேறுபாடு தெரிவதாக அதே எல்எச்சிபி குழு அவ்வாண்டு தெரிவித்தது, உறுதி 3.5 சிக்மா. அறிந்த கோட்பாடு எதிர்பார்த்ததைவிட அது பெரிது என்று பலர் கருதியதால், புதிய இயற்பியல் தென்பட்டுவிட்டதாக எண்ணிப் பல கட்டுரைகள் எழுதப்பட்டன. தரவு பெருகப் பெருக அந்த எண் சுருங்கியது. அவர்கள் தொடர்ந்து எண்ணினர். 2019-இல் ஐந்து சிக்மாவைத் தாண்டி உறுதிப்பட்டபோது வேறுபாடு 0.154 விழுக்காடு மட்டுமே. முதலில் தெரிந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. பேரியான்களிலும் இதுவே நடந்தது. லாம்டா-பியின் மற்றொரு சிதைவில் 3.3 சிக்மா அளவுக்கு ஒரு குறிப்பு 2017-இல் வெளியாகி, கூடுதல் தரவு சேர்த்தபோது வலுப்பெறாமல் போயிற்று. மூன்று சிக்மாவில் நிறுத்திக்கொண்டிருந்தால் இரு முறையும் தவறான எண்ணை நாம் பாடநூலில் எழுதியிருப்போம்.

சிங்கப்பூர் வாசகி ஒருவர்: எதிர்ப்பொருள் கீழே விழாமல் மேலே எழும்பும் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

இல்லை. செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழுவினர், காந்தப் பொறியில் அடைத்து வைத்த எதிர்-ஹைட்ரஜன் அணுக்களை மெல்ல விடுவித்துப் பார்த்ததில் அவை கீழ்நோக்கியே விழுந்தன என்பதை 2023-இல் வெளியிட்டனர்.

தூத்துக்குடி, பொறியாளர் ஒருவர்: சிதைவுகளில் வேறுபாடு இருப்பது உறுதியாகிவிட்டதே. பிரபஞ்சத்தில் பொருள் மட்டும் எஞ்சியதற்கு அது போதாதா?

போதாது; அதுவும் சிறிதளவு குறைவாக இருப்பதால் வந்த போதாமையன்று. சோவியத் இயற்பியலாளர் ஆந்திரேய் சாகரவ் 1967-இல், பொருள் மிகுவதற்குத் தேவையான மூன்று நிபந்தனைகளை வகுத்தார். பேரியான்களின் மொத்த எண்ணிக்கையை மாற்றக்கூடிய நிகழ்வு ஏதேனும் இருக்க வேண்டும். மின்னூட்டச் சமச்சீரும் சி.பி. சமச்சீரும் மீறப்பட வேண்டும். இல்லாவிட்டால் துகள்களை மிகுவிக்கும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிர்த்துகள்களை மிகுவிக்கும் நிகழ்வு ஒன்று ஈடாக நின்றுவிடும். மூன்றாவதாக, இவையெல்லாம் வெப்பச் சமநிலை குலைந்த வேளையில் நடக்க வேண்டும். சமநிலையில், கூடியதெல்லாம் மீண்டும் கரைந்துவிடும்.

நாம் இன்று ஏற்றுக்கொண்டுள்ள திட்ட மாதிரி என்னும் கோட்பாடு இரண்டாம் நிபந்தனையை நிறைவேற்றுகிறது, ஆனால் மிக மெலிதாக. கோபயாஷி, மஸ்காவா கண்ட அந்த ஒற்றைக் கட்டத்திலிருந்து தொடக்கப் பிரபஞ்சத்தில் கிடைக்கக்கூடிய மிகுதியைக் கணக்கிட்டால், தேவையானதைவிட அது பல கோடி மடங்கு குறைவாக வருகிறது. மூன்றாம் நிபந்தனையிலோ கோட்பாடு முற்றிலும் தவறுகிறது. துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலம் தொடக்கப் பிரபஞ்சத்தில் விழித்தெழுந்த தருணம், நீர் கொதித்துக் குமிழ்விடுவது போன்ற திடீர் மாற்றமாக இருந்திருந்தால் சமநிலை குலைந்திருக்கும். 2012-இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளின் நிறையை வைத்துப் பார்த்தால், அம்மாற்றம் சமநிலை குலையாமல் படிப்படியாகவே நிகழ்ந்திருக்க வேண்டும்.

லாம்டா-பியில் கண்ட 2.45 விழுக்காட்டை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். இதுவரை தெரிந்தவரை அது திட்ட மாதிரியின் எல்லைக்குள் அடங்குவதே. பேரியானின் உள்ளே நிகழும் வலுமிகு விசை விளைவுகளைத் துல்லியமாகக் கணக்கிடுவது கடினம் என்பதால், அதைவிடக் கறாராக ஒப்பிட இன்று இயலாது. ஆனால் கோட்பாட்டுக்கு வெளியேயிருந்து ஒரு புதிய கட்டம் வருமானால், அது எங்கோ ஒரு சிதைவில் எதிர்பாராத எண்ணாகத்தான் முதலில் தலைகாட்டும். பேரியான்களில் நான்கு துகள்களாகப் பிரியும் சிதைவுகள் பல. ஒவ்வொன்றையும் பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்பிடலாம். தேடுவதற்குப் புதிய நிலப்பரப்பு ஒன்று திறந்திருக்கிறது என்பதே இந்த அளவீட்டின் உண்மையான பயன் என்று நான் மதிப்பிடுகிறேன்.

விடை குவார்க்குகளிடமே இல்லாமலும் போகலாம். மின்னூட்டமற்ற, மிக லேசான துகள்களான நியூட்ரினோக்களோடு தொடர்புடைய மிகக் கனமான துகள்கள் தொடக்கத்தில் இருந்து, அவை சமச்சீரின்றிச் சிதைந்ததால் முதலில் எலக்ட்ரான், நியூட்ரினோ முதலிய லெப்டான்களில் ஏற்றத்தாழ்வு வந்து, பின்னர் அது பேரியான்களுக்கு மாறியது என்ற கருத்தை 1986-இல் ஃபுக்குகித்தா, யனகிதா ஆகியோர் முன்வைத்தனர். அந்தக் கனத் துகள்களை இன்று நேரில் காண முடியாது. ஆனால் நியூட்ரினோக்களும் எதிர்-நியூட்ரினோக்களும் வகை மாறும் விதத்தில் வேறுபாடு உண்டா என்று பார்க்கலாம். ஜப்பானில் தோக்காய் நகரிலிருந்து 295 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காமியோக்காவுக்கு நியூட்ரினோக் கற்றையை அனுப்பும் டி2கே சோதனை, வேறுபாடு இருக்கலாம் என்பதற்கான குறிப்பை 2020-இல் வெளியிட்டது. அது ஐந்து சிக்மாவுக்கு வெகு தொலைவில் உள்ளது. அங்கே ஹைப்பர்-காமியோக்காண்டேயும், அமெரிக்காவில் 1,300 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கவிருக்கும் டியூன் சோதனையும் இப்போது கட்டப்பட்டுவருகின்றன.

திருச்சிராப்பள்ளி, கல்லூரி மாணவி: இந்தத் தேடலில் பங்கேற்க வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டுமா?

கட்டாயமில்லை. சுக்குபாவில் பெல் சோதனையின் வாரிசாக 2019 முதல் முழு அளவில் தரவு திரட்டிவரும் பெல்-2 சோதனையில் இந்திய நிறுவனங்கள் பல உறுப்பினர்களாக உள்ளன. சென்னை ஐஐடி அவற்றுள் ஒன்று. அக்கருவியின் மையத்தில், சிதைவு நிகழ்ந்த புள்ளியைக் காட்டும் சிலிக்கன் உணர்கருவியின் ஓர் அடுக்கை உருவாக்கியதில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினருக்கு முதன்மைப் பங்கு உண்டு. தரவுகள் உலகெங்கும் பகிரப்படுவதால், ஆய்வின் பெரும்பகுதியை இங்கிருந்தே செய்ய முடியும். இயற்பியலோடு புள்ளியியலையும் கணினி நிரலாக்கத்தையும் இப்போதே ஊன்றிக் கற்றுக்கொள்ளுங்கள். சேலம் வாசகருக்கு எழுதிய பதிலில் நீங்கள் கண்ட வேலைகளில் பெரும்பாலானவை அவற்றைக் கொண்டே செய்யப்படுபவை. எல்எச்சிபியின் மேம்படுத்தப்பட்ட கருவி 2024-ஆம் ஆண்டில் மட்டும் திரட்டிய தரவு, 2018 வரை அதன் முன்னோடி திரட்டிய மொத்தத்துக்கு ஏறத்தாழ நிகரானது. அதிலுள்ள பேரியான் சிதைவுகளில் பெரும்பகுதி இன்னும் ஆராயப்பட வேண்டியவை. நீங்கள் ஆய்வு மாணவியாகும் காலத்திலும் அவற்றில் வேலை மீதமிருக்கும்.